பின்பாதி எங்களுக்கு

"இந்தத் தத்துவப் பாடத்தைத் தூக்கிப் போட்டுரலாமுங்கம்மா" என்றார் செங்கோடன்.

அமராவதி அம்மா மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் ஆசிரியர்களை உருவாக்குகிற குருகுலம் அது. அம்மாதான் தலைவி. வருகிறவர்களுக்குக் கல்வித் தத்துவம் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. செங்கோடன் அங்கேயே படித்து, அந்த வளாகத்துப் பள்ளியிலேயே வாத்தியாராகி, கொடி கட்டிப் பறப்பவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர்தான். இருந்தாலும் சீடர் சீடர்தானே.

பக்கத்து ஊரில் குருகுலத்துக்குப் புதுக் கிளை திறக்கப் போகிறார்கள். அதற்குத் தலைமை செங்கோடன். இந்த நாளுக்காக மனுஷர் எத்தனை வருஷமாகக் காத்திருந்தார் என்று ஊருக்கே தெரியும். போகிற இடத்தில் தத்துவம் என்கிற பேச்சே இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அதற்கு அம்மா சரி சொல்ல வேண்டும்.

மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். அறிவு என்றால் என்ன, பிள்ளை எப்படிக் கற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சமாம். வகுப்புக்குள் கால் வைத்த அன்றைக்கே அத்தனையும் காற்றோடு போயிற்றாம். கையில் சாக்பீஸ், எதிரே பிள்ளைகள், அதற்கு மேல் ஒன்றும் இல்லையாம்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப உங்க வகுப்புல தத்துவமே கிடையாதா?"

"துளிகூடக் கிடையாதுங்க."

"நாளைக்கு வந்து உட்காரட்டுமா?"

"தாராளமா வாங்கம்மா. ஒண்ணே ஒண்ணு கண்டுபிடிச்சுக் காட்டுங்க. புதுக் கிளை எனக்கு வேண்டாம். உங்க வகுப்புல முதல் பெஞ்சுல வந்து உட்கார்ந்துக்கறேன்."

"இல்லைன்னா பாடத்தை எடுத்துரலாம். அங்க மட்டுமில்ல, இங்கயும்" என்றார் அம்மா.

விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை அவர். செங்கோடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் அம்மா கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார்.

செங்கோடன் அன்றைக்கு ஜமாய்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மேஜைமேல் ஒரு மண்பானை. தண்ணீர் அதில் ஏன் ஜில்லென்று இருக்கிறது என்பது பாடம். கரும்பலகையில் படம் போட்டார். பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். யாரையும் அதட்டவில்லை.

"தண்ணி எது வழியா வெளிய வருது?" என்று கேட்டார்.

வகுப்பு அவரையே பார்த்தது.

"பானையில இருக்கிற சின்னச் சின்னத் துளை வழியா வெளிய கசிஞ்சு, ஆவி..."

"யாகும்!"

கூரை அதிர்ந்தது. வகுப்பு முழுக்க ஒரே குரல்.

"ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கிட்டுப் போறதால, உள்ள இருக்கிற தண்ணி குளிர்ந்து..."

"போகும்!"

ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் பதில் சொல்கிறதே, இதைவிட என்ன வேண்டும்? செங்கோடன் ஓரக்கண்ணால் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குறித்துக்கொள்ளக்கூட ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. தத்துவமே மூச்சு என்று இருந்தவர், இனி அம்மா என்ன செய்வார்?

பாடம் முடிந்தது.

"கிடைச்சுதுங்களா?" என்றார் செங்கோடன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நானும் ஒரு கேள்வி கேட்டுக்கறேனே" என்று எழுந்து முன்னால் வந்தார் அம்மா.

சாக்பீஸைக்கூட அவர் எடுக்கவில்லை.

"எவர்சில்வர் குடத்துல தண்ணி ஊத்தி வச்சா, இதே மாதிரி குளிருமா?"

வகுப்பு அவரைப் பார்த்தது.

அம்மாவும் வகுப்பைப் பார்த்தார்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். அம்மாவும் காத்திருந்தார். வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போயும் விட்டது. உள்ளே ஒரு சத்தம் இல்லை.

செங்கோடனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு சுலபமான கேள்விக்கு ஏன் இப்படி முழிக்கிறார்கள்? மானம் போகிறதே என்று பதறினார். பதில் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அம்மா கேட்ட கேள்வியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயமெல்லாம் இல்லை. பாவம், புதிதாக வந்தவருக்கு வழி தெரியவில்லையே என்கிற மாதிரி ஒரு சங்கடம்.

இரண்டாவது வரிசையில் தாரணி என்கிற பெண் எழுந்தாள். கெட்டிக்காரி, செங்கோடனுக்குச் செல்லப் பிள்ளை. அப்பாடா என்று மூச்சு விட்டார் அவர்.

"டீச்சர், நீங்க முன்பாதியச் சொல்லோணுங்க."

"நானா?"

"ஆமாங்க. கேள்வி கேட்டா நாங்க சும்மா இருக்கோணும். அப்புறம் நீங்களே பதிலைச் சொல்லிட்டு வந்து, கடைசியில கொஞ்சத்த விட்டுருவீங்க. அந்தப் பின்பாதி எங்களுக்கு."

அவள் இதைப் பணிவாகத்தான் சொன்னாள். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது.

"இப்படித்தான் செய்யணும்னு சார் சொன்னாரா?" என்று கேட்டார் அம்மா.

தாரணி செங்கோடனைப் பார்த்தாள். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அதையெல்லாம் ஒருத்தர் சொல்லோணுமாங்க? படிப்புன்னாலே அதுதானுங்களே, டீச்சர்."

அம்மா அவளை உட்காரச் சொன்னார். செங்கோடன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

செங்கோடன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பானையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"உங்க வகுப்பு எத்தனை மணிக்குங்கம்மா?"