லுங்கி கட்டி நடந்த ஒரு மாதம்

"நடந்தேம்மா. ஒரு மாசம் நடந்தேன். சுகர் ஏறித்தான் இருக்கு" என்றாள் ரூபகலா.

வசந்தமாலா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தினாள்.

ரூபகலாவுக்கு வயது நாற்பத்தொன்பது. அவள் 'அம்மா' என்று கூப்பிடும் வசந்தமாலாவுக்கு முப்பத்தாறு. திருநங்கைகள் ஒரு குடும்பமாகக் கூடும் ஜமாத்தில் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. முன்னால் வந்தவர் குரு, அவரே அம்மா; பின்னால் வந்தவர் மகள். பெற்ற தாய் கண்ணை மூடும்வரை காத்திருந்து நாற்பத்தாறு வயதில் புடவை கட்டியவள் ரூபகலா. தன்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவளின் காலைத் தொட்டு, "பாவ்படுத்தி அம்மா" என்று வணங்கி மகளானாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

"எவ்வளவு இருக்கு?"

"போன மாசம் இருநூத்திப் பத்து. இப்ப இருநூத்தி எழுபது. கால் பெருவிரல் மரத்துக் கெடக்கு. இப்படியே போனா விரலை எடுக்க வேண்டிவரும்னு நர்ஸம்மா சொல்லுது."

"மாத்திரை?"

"ஒரு நாள் விடல."

"எங்க நடந்த?"

"எங்க ஊர் ரோட்டுலதான். வீட்டுல இருந்து கண்மாய்க்கரை வரைக்கும்."

"அந்த ரோட்டுலயா? சீட்டி அடிக்கிறானுங்க, தலைகாட்ட முடியலன்னு போன தடவை அழுதியே?"

"இப்ப யாரும் அடிக்கிறதில்ல."

"ஏன்?"

ரூபகலா கிரைண்டரைப் பார்த்தாள்.

"லுங்கி கட்டிக்கிட்டுப் போறேம்மா. பழைய சட்டை. முடியைச் சுருட்டித் துண்டுக்குள்ள வச்சுக்குவேன்."

"ம்."

"நடக்கணும்னு நர்ஸம்மா சொல்லிருச்சு. வீட்டுக்குள்ள எட்டு எட்டு வச்சா சுவர் வந்துருது. நான் என்ன செய்யட்டும்?"

"லுங்கியில போனா யாரும் பேசலையா?"

"பேசுறாங்கம்மா. நல்லாப் பேசுறாங்க." அவள் முகம் மலர்ந்தது. "டீக்கடை பால்பாண்டி அண்ணன் முதல் நாளே கையைப் பிடிச்சு உக்காரவச்சிட்டார். 'சோலையப்பா, புத்தி வந்துருச்சாடா'ன்னு என் பழைய பேரைச் சொல்லிக் கண்ணு கலங்கிட்டார். மூணு வருசமா எனக்கு அந்தக் கடையில டீ கிடையாது. இப்ப தினமும் கூப்பிட்டுக் குடுக்குறார்."

"டீ மட்டுமா?"

"ரெண்டு வடை."

"சீனி?"

"அவர் கை எப்பவும் தாராளம். குறைச்சுப் போடுங்கன்னேன். 'ஏன்டா, உனக்குச் சுகரா'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு ஏதுண்ணே சுகர்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டு ரூபகலா பேர்ல இருக்கே."

"கடையில எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் ஆகும். ஊர்க்கதை பேசுவோம்."

"கண்மாய்க்கரை?"

"கடையோட திரும்பிருவேன். வெயில் வந்துரும்."

வசந்தமாலா கிரைண்டரை மறுபடி ஓடவிட்டாள்.

"நாளைக்குக் காலையில வர்றேன்" என்றாள்.

மறுநாள் முதல் பஸ் போன கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ரூபகலா லுங்கி கட்டி, துண்டைச் சுற்றிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தாள். திறந்தாள்.

வாசலில் ஒரு ஆம்பளை. கட்டம்போட்ட லுங்கி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, தலையில் துண்டு. உதட்டுக்கு மேல் மையால் இழுத்த மீசை.

மூக்குத்தியைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு ஆள் தெரிந்தது.

"அம்மா!"

"என்ன பாக்குற? பாவ்படுத்தி சொல்லலையா?"

ரூபகலா குனிந்தாள். பாதி குனிந்தவளுக்குக் கை மேற்கொண்டு போகவில்லை.

"இந்தக் கோலத்துல எப்படிம்மா?"

"கோலத்துக்கு என்ன? பஸ்ல ஆம்பளைங்க சீட்டுலதான் வந்தேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நிம்மதியா இருந்துச்சு. வா, நடப்போம். டீ கிடைக்கும்."

வசந்தமாலாவைக் காய்ச்சலில் பார்த்திருக்கிறாள். அடிபட்டு வீங்கிய முகத்தோடும் பார்த்திருக்கிறாள். இப்படிப் பார்த்ததில்லை. ரூபகலாவுக்கு அழுகை வந்தது.

"உங்களை யாரும்மா இப்படிப் பண்ணது?"

வசந்தமாலா மை மீசையைத் தடவிக்கொண்டாள்.

ரூபகலா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து அரக்குநிறச் சுங்குடியை எடுத்தாள். ஈரத்துணியால் மீசையை அழுத்தித் துடைத்தாள். மை சீக்கிரம் போகவில்லை. புடவையைச் சுற்றி, கொசுவம் வைத்து, ஊக்கு மாட்டி, நெற்றியில் பொட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு சீரானது.

"பாவ்படுத்தி அம்மா" என்று காலைத் தொட்டாள்.

வழக்கமாகத் தலையில் வந்து விழும் கை வரவில்லை. ரூபகலா நிமிர்ந்து பார்த்தாள்.

வசந்தமாலா அவள் லுங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மகன் கிடையாதே. மகள் ஒருத்தி இருந்தா. அவ எங்க?"

ரூபகலா உள்ளே போனாள். வெகுநேரம் ஆயிற்று. வசந்தமாலா அவசரப்படுத்தவில்லை. நீல நூல் புடவையை நடக்கத் தோதாகக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு ரூபகலா வெளியே வந்தாள். இப்போது அந்தக் கை அவள் தலையில் விழுந்தது.

இருவரும் ரோட்டில் இறங்கினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு சீட்டிச் சத்தம். ரூபகலா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வசந்தமாலாவின் நடை குறையவில்லை, கூடவுமில்லை.

டீக்கடையில் பேச்சு நின்றது. பால்பாண்டி கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு வெளியே வந்தார். புடவையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் ரூபகலாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சோலையப்பா, நல்லாத்தானடா இருந்த?" அவர் டம்ளரை நீட்டினார். "டீ ஆறுது. வீட்டுக்குப் போயி மாத்திக்கிட்டு வந்து உக்காருடா."

பெஞ்சில் அவளுக்கென்று ஒரு இடம் காலியாக இருந்தது. ஒரு மாதமாக அவள் உட்கார்ந்த இடம். அந்த இடத்தை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ரூபகலா குருவைப் பார்த்தாள். வசந்தமாலா பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அண்ணே" என்றாள் ரூபகலா. "சோலையப்பனுக்குச் சுகர் இல்லண்ணே. எனக்குத்தான் இருக்கு. நான் நடக்கணும்."