உதறல் இல்லாத இஞ்சின்

"உதறலே இல்லாத இஞ்சின் வேணுமுங்க அம்மணி," என்றார் தண்டபாணி.

"செத்த இஞ்சின் உதறாது. அப்படியே சாக்குல கட்டி எடுத்துட்டுப் போங்க," என்றாள் சரோஜினி.

அவர் போகவில்லை.

சிங்காநல்லூரில் சரோஜினிக்கு வீட்டுக்குப் பின்னாலேயே லேத் பட்டறை. பழைய மோட்டார் சைக்கிள் இஞ்சினைப் பிரித்து உயிர் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். வாயிலும் மிஞ்ச ஆளில்லை. அதை மட்டும் மெதுவாகச் சொல்வார்கள்.

தண்டபாணி மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவளைவிட ரொம்ப மூத்தவர். சாக்கில் இருந்தது அவர் மகன் முகிலின் இஞ்சின். ஒற்றைப் பிஸ்டன் ஓடுகிற பழங்காலத்து வண்டி. ஆசைப்பட்டு வாங்கினான், அக்கு அக்காகப் பிரித்துப் போட்டான், திரும்பப் பூட்டுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான்.

"நீங்களே பூட்டிக் குடுத்துருங்க அம்மணி."

"மாட்டேன். நீங்க பூட்டுங்க. நான் பக்கத்துல நின்னு திட்டறேன்."

அப்படித்தான் அவர் சீடரானார்.

*

திட்டு வாங்குவது அவருக்குப் பிடித்திருந்தது. வேறு யாரும் அவரைத் திட்டவில்லை. எல்லோரும் பாராட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மகனைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, பந்தலுக்கு நாற்காலி வந்ததா என்று பார்த்தவர் அவர். வெளியூர்க்காரர்களுக்குக் காபி கிடைத்ததா என்று ஆள் ஆளாகப் போய்க் கேட்டவர். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. 'என்ன மனுஷன், பாறையாட்டம் நிக்கறார் பாரு' என்றது ஊர். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது. அதற்கப்புறம் பாறைக்கு நகர வழியில்லை.

அழுதது மனைவி சிவகாமிதான். அடுப்படியில் அழுதாள். பால்காரனோடு சண்டை போட்டுவிட்டு அழுதாள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

தண்டபாணி சோற்றைப் பொறுக்கினார். தரையைத் துடைத்தார்.

"வேற தட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அப்புறம் அவள் அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

*

இஞ்சினுக்குள் சுழலும் கிராங்கைப் பாலன்ஸ் செய்யும் நாள் வந்தது.

சரோஜினி இரண்டு இரும்புப் பட்டைகளை மட்டம் பார்த்துப் பக்கம் பக்கமாக வைத்தாள். அதன்மேல் கிராங்கை ஏற்றினாள். கனத்த இரண்டு சக்கரங்கள், நடுவே கனெக்டிங் ராடு. ராடின் நுனியில், பிஸ்டன் மாட்டுகிற இடத்தில், ஓர் எடையைத் தொங்கவிட்டாள்.

கனமான பக்கம் மெதுவாக உருண்டு கீழே வந்து நின்றது.

"கீழ வர்ற பக்கம் டிரில் போட்டுக் கொஞ்சங் கொஞ்சமா இரும்பை எடுங்க. அப்புறம் எப்படித் திருப்பி விட்டாலும் விட்ட இடத்துல நிக்கணும். அதுதான் கணக்கு."

"தொங்கறது பிஸ்டனோட எடைதானுங்களே?"

"அதுல பாதி. பாதிக்கு மேல கொஞ்சம்."

"மீதி?"

"மீதி உதறும்."

"அதுக்கும் சேர்த்துக் கட்டிட்டா?"

"ஏனுங்ணா, கேள்வி கேக்கற வேகம் கையில இருந்திருந்தா இந்நேரம் வண்டி ரோட்டுல ஓடிட்டு இருக்கும்."

அவருடைய போன் அடித்தது. மகள் நித்திலா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பட்டறை முழுவதும் கேட்டது.

"அப்பா, சனிக்கிழமை வந்து அம்மாவை ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எத்தனை நாளைக்குக் கண்ணு?"

"இனிமே என்கூடத்தாம்ப்பா. அவங்களேதான் கேட்டாங்க. அந்த வீட்டுல மூச்சு முட்டுதாம்."

"சரி கண்ணு."

"அவ்வளவுதானாப்பா?"

"வர்றப்ப ட்ரெயின்ல வா. பஸ்ஸு வேண்டாம், கூட்டமா இருக்கும்."

 நித்திலா போனை வைத்துவிட்டாள்.

சரோஜினி அவரையே பார்த்தாள். "பொண்டாட்டி வீட்டை விட்டுப் போறாங்க. நீங்க ட்ரெயினா பஸ்ஸான்னு பாக்கறீங்க."

"நான் என்ன செய்யட்டுங்க அம்மணி? அவ ஆடிப் போயிட்டா. நானும் ஆடினா வீடு என்னத்துக்காகும்? ஒருத்தராச்சும் நிக்க வேண்டாமுங்களா?"

"அவங்க போகட்டும்னு இருக்கா உங்களுக்கு?"

தண்டபாணி டிரில்லைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார்.

"அவ போயிட்டா எனக்கு யாருங்க இருக்கா?"

"இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா இன்னும் அழுவா."

உள்ளே குக்கர் கூவியது. "இது ஒண்ணு," என்று முனகிக்கொண்டே சரோஜினி எழுந்து போனாள்.

அவள் தலை மறைந்ததும் தண்டபாணி அந்த எடையைக் கழற்றினார். முகிலின் பிஸ்டனையே எடுத்து, அதற்குரிய ஆணி, வளையம் எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார்.

முழுசும்.

பிறகு துளை போட்டார். உருட்டிப் பார்த்தார். இன்னொரு துளை. கடைசியில் கிராங்க் எப்படித் திருப்பி விட்டாலும் விட்ட இடத்தில் அசையாமல் நின்றது.   

சாப்பாட்டு வேலையை முடித்துவிட்டு வந்த சரோஜினி சக்கரத்தின் துளைகளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

அவள் வாய் அப்படி மூடி யாரும் பார்த்ததில்லை. தண்டபாணியும் பார்க்கவில்லை. துளைகளில் இருந்த இரும்புத்தூளை ஊதிக்கொண்டிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை சாயந்திரம் இஞ்சினைப் பூட்டி, வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த முகிலின் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. வானம் மூடிக்கொண்டு மழையும் வராமல் புழுங்கியது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, தண்டபாணி கிக்கரை உதைத்தார். மூச்சு வாங்கினார். மறுபடி உதைத்தார்.

பிடித்துக்கொண்டது.

அவர் பெட்ரோல் டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"உதறலையே! அம்மணி, வந்து பாருங்க, மேல கீழ துளிகூட உதறலை!"

"ஆக்ஸிலேட்டரைக் குடுங்க."

கொடுத்தார்.

வண்டி நடக்க ஆரம்பித்தது. ஸ்டாண்டில் நின்றபடியே, சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு முன்னும் பின்னும் இடித்து இடித்து முன்னால் போனது. தண்டபாணி ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது அவரையும் இழுத்துக்கொண்டு போனது. முன்சக்கரம் போய் ஆயில் டிரம்மில் மோதியது. டிரம்மின் மேல் இருந்த ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

சரோஜினி எட்டி இஞ்சினை நிறுத்தினாள்.

"முழுசையும் தொங்கவிட்டீங்க."

"தெரியுங்களா?"

"துளையப் பார்த்தாலே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அம்மணி."

"சொன்னேனே. பாதின்னு சொன்னேன். கேட்டீங்களா?"

அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். திட்டு வரவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

"மேல கீழ போனதைப் பிடிச்சுக் கட்டிட்டீங்க," என்றாள். "அது முன்ன பின்ன போயிருச்சு."

"அதையும் கட்ட முடியாதுங்களா?"

"ஒத்தப் பிஸ்டனுங்ணா. ஓடற வரைக்கும் உதறத்தான் செய்யும். இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு பிரிச்சு விடலாம். இல்லாமப் பண்ண முடியாது."

"அசையாம நிக்கணும்னுதானுங்க அம்மணி நான்..."

"நின்னுட்டீங்களே." அவள் பனியன் துணியில் கையைத் துடைத்தாள். "நாளைக்கு யாரு கிளம்பறாங்க?"

 

தண்டபாணி திரும்பி நடந்தார். செருப்பை மாட்டிக்கொள்ளவில்லை. சரோஜினி கூப்பிடவும் இல்லை.

*

வீட்டில் விளக்குப் போடவில்லை. சிவகாமி கூடத்தில் உட்கார்ந்து புடவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே அழுதாள். அவர் வந்ததை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

'மாத்திரையெல்லாம் எடுத்து வச்சுட்டியா' என்று கேட்கத்தான் வந்தார்.

"முகிலு," என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. உதறல் முழங்காலில் ஆரம்பித்தது. கைக்கு வந்தது. தாடைக்கு வந்தது. கதவு நிலையைப் பிடித்தார், பிடி நிற்கவில்லை. அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டி.வி.யை அணைத்தார்கள்.

சிவகாமியின் கை பாதி மடித்த புடவையோடு நின்றது.

அவள் எழுந்து வந்தாள். அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். உதறிக்கொண்டிருந்த அவர் கைகளை நிறுத்தப் பார்க்கவில்லை. தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் அழுகை நின்றிருந்தது.

"ஏனுங்க," என்றாள். "இப்பத்தான் வர்றீங்களா?"