கேள்வி மன்னர் பையலகர்

கருங்காலிக் காட்டின் நடுவே நெடுங்குளம் இருந்தது. அதன் கரையில் பையலகர் என்ற கூழைக்கடாப் பறவை வாழ்ந்து வந்தார். காட்டுச் சபைக்கு அவர்தான் தலைவர். மீன் பிடிப்பதில் கெட்டிக்காரர். கேள்வி கேட்பதில் அதைவிடக் கெட்டிக்காரர். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, அலகுக்குக் கீழே தொங்கும் பையை ஓர் ஆட்டு ஆட்டுவார். சபையே வாயைப் பிளக்கும்.

அந்தக் காட்டுக்கு ஒரு பெருந்தொல்லை இருந்தது. குளத்துக்கு அப்பால், மொட்டைப் பாறையில் ஒரு செந்நாய்க் கூட்டம் பதுங்கியிருந்தது. திடீரென்று வரும். கண்ணில் பட்டவர்களைக் கடித்துக் குதறும். மறுபடி பாறைக்கு ஓடிவிடும். பசிக்காக அல்ல. எல்லோரும் பயந்து நடுங்கி, குளக்கரையைத் தங்களுக்கு விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதே அவற்றின் திட்டம்.

காட்டை ஆண்ட யானை மதங்கி யோசித்துப் பார்த்தாள்.

"அந்தப் பாறையில் ஓர் எலிகூடக் கிடையாது. செந்நாய்களோ கொழுகொழுவென்று இருக்கின்றன. நம் காட்டிலிருந்தே யாரோ தீனி அனுப்புகிறார்கள்! அதைக் கண்டுபிடித்துத் தடுக்க ஒரு காவலர் வேண்டும்!" என்றாள்.

கூர்மூக்கன் என்ற கீரியை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தாள். ஆனால் அரசி யாரைச் சொன்னாலும், சபை கேள்வி கேட்டு, சம்மதம் சொன்ன பிறகுதான் பதவி. அது அந்தக் காட்டின் வழக்கம்.

சபை கூடியது. பையலகருக்கு ஒரே கொண்டாட்டம்! தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கீரியே! உன் பாட்டனார் பாம்புகளோடு ஏன் சண்டை போட்டார்?"

"பாம்பு கடிக்க வந்தது ஐயா. அதனால்தான்."

"வாலை ஏன் விறைத்துக்கொண்டு நிற்கிறாய்? சபையை மதிக்கவில்லையா?"

"என் வால் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் ஐயா!"

"உனக்கு நீந்தத் தெரியுமா?"

"தீனி போகும் வழியைக் காக்க நீச்சல் எதற்கு ஐயா?"

"கேள்விக்குக் கேள்வியா!" என்று பையலகர் பையை ஆட்டினார்.

"ஆகா! கேள்வி என்றால் இதுவல்லவோ கேள்வி!" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நயவன் என்ற நரிதான் அது.

நயவன் 'தாயில்லா மான்குட்டிகள் அன்னக்கூடம்' என்று ஒன்றை நடத்தி வந்தது. பையலகர் தாம் பிடிக்கும் மீனில் பாதியை நாள்தோறும் அதற்கு வாரிக் கொடுப்பார். நரி அவரை "வள்ளலே!" என்றுதான் அழைக்கும். அதைக் கேட்டாலே பையலகருக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

"வள்ளலே! அவசரப்படாதீர்கள். பெரிய பதவி! இன்னும் நன்றாகக் கேளுங்கள். அடுத்த சபையிலும் கேட்கலாமே!" என்று நரி காதைக் கடித்தது.

"அதுவும் சரிதான்!" என்றார் பையலகர்.

கூர்மூக்கன் முன்னால் வந்தான். "ஐயா! நாள் கடந்தால் ஆபத்து. இன்று சம்மதம் கொடுங்கள். பிறகு ஆயுள் முழுவதும் கேளுங்கள், பதில் சொல்கிறேன்!"

சபை சிரித்தது. பையலகருக்கு முகம் சிவந்துவிட்டது. "சபை ஒத்திவைக்கப்படுகிறது!" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனார்.

அடுத்த சபையும் அப்படியே போனது. அதற்கடுத்ததும் போனது. பாவம், கீரி! பதில் சொல்லிச் சொல்லி அவன் தொண்டை வறண்டது. பதவி மட்டும் காலியாகவே கிடந்தது.

ஒரு மாலை. விலங்குகள் தண்ணீர் குடிக்க வந்த நேரம். செந்நாய்கள் புதருக்குள்ளிருந்து பாய்ந்தன. ஒரே அலறல்! முயல்கள் சிதறின. புள்ளியம்மை என்ற பெண்மான் மட்டும் ஓடவில்லை. தன் பின்னால் நின்ற குட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றாள். மதங்கி பிளிறிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, செந்நாய்கள் ஓடிவிட்டன. புள்ளியம்மையின் பின்னங்கால் சதை கிழிந்து தொங்கியது.

மறுநாள் காலை பையலகர் அவளைப் பார்க்கப் போனார். வெறுங்கையோடு போகலாமா? பை நிறைய மீன் கொண்டுபோனார். அவள் முன்னால் கொட்டினார்.

"சாப்பிடு அம்மா. உன்னோடு இருக்கும் குட்டிகளுக்கும் கொடு."

புள்ளியம்மை வலியிலும் சிரித்துவிட்டாள்.

"என்ன ஐயா இது! மான் எங்கேயாவது மீன் தின்னுமா? நாங்கள் புல்லும் தழையும் தின்கிறவர்கள்!"

பையலகர் திகைத்தார். "அப்படியானால் நயவனின் அன்னக்கூடத்தில்…?"

"எந்த அன்னக்கூடம்? இந்தக் காட்டில் தாயில்லாத குட்டிகளை எல்லாம் நான்தான் வளர்க்கிறேன். நரி எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லையே!"

பையலகரின் அலகு திறந்தபடியே நின்றது. அவர் கொடுத்த மீன் எங்கே போனது? யார் வயிற்றை வளர்த்தது? புள்ளியம்மையின் காலைப் பார்த்தார். அந்தக் காலைத் தாமே கடித்து வைத்ததுபோல இருந்தது அவருக்கு. கண்ணீர் பொலபொலவென்று அவருடைய பைக்குள்ளேயே விழுந்தது.

அன்றே சபையைக் கூட்டினார்.

"வள்ளலே! கீரியிடம் இன்னும் கேள்வி பாக்கி இருக்கிறதே!" என்றது நரி.

"கீரியிடம் இல்லை. உன்னிடம் ஒன்று பாக்கி இருக்கிறது. மான்குட்டி மீன் தின்னுமா?"

நரி விழித்தது. "அது வந்து… வேகவைத்தால்…" என்று குழறியது. மறுகணம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தது! மதங்கி துதிக்கையை நீட்டி அதன் வாலைப் பிடித்துத் தூக்கினாள். தலைகீழாகத் தொங்கியபடியே நரி எல்லாவற்றையும் கக்கிவிட்டது. மீனையெல்லாம் செந்நாய்களுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்ததாம். குளக்கரையைச் செந்நாய்கள் பிடித்துக்கொண்டால், அதில் பாதி நரிக்கு என்று பேச்சாம்!

"தவறு என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன். கண்டதைக் கேட்டுக் காலத்தைக் கடத்தினேன். கூர்மூக்கனுக்கு என் சம்மதம்!" என்றார் பையலகர். சபை முழுவதும் "சம்மதம்! சம்மதம்!" என்று முழங்கியது.

கூர்மூக்கன் செந்நாய்களோடு சண்டைக்குப் போகவில்லை. மண்ணை மோந்துகொண்டே போனான். இரண்டு பாறைகளுக்கு நடுவே மீன் வாடை அடிக்கும் ஒரு சந்து இருந்தது. மதங்கியைக் கூப்பிட்டு, ஒரு பெருங்கல்லை உருட்டி அதை அடைத்தான். சுற்றுவழிகளில் முள்ளம்பன்றிகளைக் காவல் வைத்தான். அதுமுதல் யார் கொடை கேட்டாலும், அது யார் வாய்க்குப் போகிறது என்று பார்த்த பிறகே கொடுக்க விட்டான்.

மொட்டைப் பாறையில் தீனி தீர்ந்தது. செந்நாய்கள் ஒன்றையொன்று பார்த்து உறுமின. "உன்னால்தான்!" "இல்லை, உன்னால்தான்!" என்று கடித்துக்கொண்டன. கடைசியில் திசைக்கொன்றாய்ச் சிதறி, மலைக்கு அப்பால் ஓடிப்போயின. நரியையும் காட்டார் எல்லைக்கு வெளியே விரட்டிவிட்டார்கள்.

கொடுமைக்காரனை ஒழிக்க வேண்டுமானால் அவனுக்குச் சோறு போகும் வழியை முதலில் அடைக்க வேண்டும். அதை அடைக்கத் தெரிந்தவனை வீண் கேள்வி கேட்டு வாசலில் நிறுத்தி வைப்பவன், தெரியாமலே அந்தக் கொடுமைக்குத் துணை போகிறான்.