தென்னைகளுக்குப் போட்ட தண்டோரா

முன்னொரு காலத்தில், ஊருக்கு ஒரு தமுக்கும் தமுக்குக்கு ஒரு அமைச்சரும் இருந்த காலத்தில், கடலோர நாடு ஒன்றை மகரவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். வயது பதினேழு. மீசை பாதிதான் முளைத்திருந்தது. பயம் முழுதாக வளர்ந்திருந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது முறை பயப்படுவார். அவர் மேல் குற்றமில்லை. தமுக்கு ஒன்பது முறை அடித்தது.

பதின்மூன்று வயதில் முடிசூடியதும் அவர் செய்த முதல் காரியம், கடலோரத்தில் சும்மா கிடந்த மணல்வெளியில் பத்தாயிரம் தென்னங்கன்று நட்டது. அதில் கருவூலம் பாதி காலியானது. அந்த நாட்டில் இரண்டு வருஷம் பெய்கிற மழை மூன்றாம் வருஷம் ஏமாற்றும். நெல் கருகும். சனங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நாட்டுக்கு நடப்பார்கள். தென்னை காய்த்துவிட்டால், வறண்ட வருஷத்தில் தேங்காயை விற்று நெல் வாங்கிவிடலாம். யாரும் எங்கேயும் போக வேண்டாம். ஏழாம் வருஷம் காய்க்கும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது நடப்பது நான்காம் வருஷம்.

நான்காம் வருஷத்தில் ஒரு தென்னை செய்யக்கூடியது நிற்பது மட்டும்தான். பத்தாயிரமும் ஒழுங்காக நின்றன. நிற்க முடியாமல் தவித்தவர் ராஜாதான்.

அமைச்சர் கனகசபாபதியார் 'செய்தி மண்டபம்' என்று ஒன்றை நடத்திவந்தார். சந்தை, துறைமுகம், சத்திரம் என எங்கிருந்து செய்தி வந்தாலும் அங்கே வரும். அரண்மனை ஜன்னலுக்கு நேர் கீழே தமுக்குக்காரன் சங்கிலி நின்று அதை அறிவிப்பான். ஒரு செய்திக்கு அமைச்சருக்கு ஒரு பொன். செய்தியில் 'அபாயம்' என்ற சொல் இருந்தால் இரண்டு பொன். இந்த ஏற்பாடு வந்த மாதத்திலிருந்து நாட்டில் அபாயங்கள் எப்படிப் பெருகின என்பது அமைச்சருக்கே ஆச்சரியமாக இருந்ததாம்.

காலையில், "அபாயம், வடக்குச் சந்தையில் தேங்காய் விலை சரிவு" என்று தமுக்கு அடிக்கும். ராஜா இட்லியைக் கீழே வைத்துவிடுவார். உச்சிவேளையில், "அபாயம், சரிவு நின்றுபோனதால் வியாபாரிகள் குழப்பம்" என்று அடிக்கும். சோற்றைத் தள்ளிவிடுவார். மாலையில், "அபாயம், குழப்பம் தீர்ந்தது ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை." அதற்குமேல் பால் மட்டும்தான் இறங்கும்.

ஒருநாள் ராஜா, சபை விகடகவி ஆவுடைநாதனை மாடத்துக்குத் தனியாக அழைத்தார். ஆவுடைநாதன் நாற்பது வயது மனிதன். சபையில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது கடைசியாக எழுபவன்.

"ஓய், வெளிய சொல்லிடாதேயும். எனக்குப் பயமா இருக்கு," என்றார் ராஜா. குரல் பாதியில் கீச்சென்று உடைந்தது, இருமி மறைத்துக்கொண்டார். "பாதிக் கருவூலத்த மணல்ல புதைச்சுட்டேன். தேங்காய் விலை இப்படியே விழுந்துச்சுன்னா, சின்னப் பையன் நாட்டையே தோத்துட்டான்னு சொல்லுவாங்க."

"நாளைக்கு எத்தனை தேங்காய் விக்கப் போறீங்க, மகாராஜா?"

"ஒண்ணுகூட இல்ல. இன்னும் மூணு வருஷம் இருக்கே காய்க்க."

"அப்ப நாளைக்கு விலை விழுந்தா நட்டம் யாருக்கு?"

ராஜா யோசித்தார். பதில் தெரிந்தது. தெரிந்தும் பயம் விடவில்லை. "உமக்கென்ன, ஜன்னலுக்குக் கீழ நீரா படுத்திருக்கீர்?" என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் சபையில் கனகசபாபதியார் ஓர் ஓலையுடன் எழுந்தார். அவர் எழுந்தால் சபையே கொஞ்சம் சாயும், உடம்பு அப்படி.

"மகாராஜா, நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. தோப்பை இப்போதே கைமாற்றிவிடுவது உத்தமம். நாட்டின் மேலுள்ள பாசத்தால் என் மைத்துனர், போட்ட முதலில் கால் பங்கு கொடுத்து அதை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். கிரய ஓலை தயார். தங்கள் முத்திரை மோதிரம் ஒன்றுதான் பாக்கி."

அந்த மைத்துனர்தான் தோப்புக்கு எரு கொண்டுவந்து போடும் ஒப்பந்தக்காரரும். அவருடைய பாசம் ஏற்கனவே பல வண்டிகளில் அங்கே வந்து இறங்கியிருந்தது.

ஆவுடைநாதன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தான். "அவ்வளவு அபாயமான தோப்ப அவர் ஏன் வாங்குறாரு? வீட்ல ஏதும் சண்டையா?"

சபை களுக்கென்றது. அமைச்சர் முகம் சிவந்தது. வெகுநாளாகக் காத்திருந்த வாய்ப்பு அது.

"மகாராஜா, இவன் செய்தி மண்டபத்தையே கேலி செய்கிறான். அவ்வளவு தெரிந்தவன் என்றால், வருகிற செய்திகளில் எதனால் தோப்புக்குக் கெடுதி, எதனால் இல்லை என்று இவனே சோதித்துச் சொல்லட்டும். ஏழு நாள் தவணை. ஆனால் ஒரு செய்தியைக்கூட நிறுத்தக் கூடாது. செய்தியை நிறுத்துவது ராஜத் துரோகம். சொல்ல முடியாமல் போனால் இவன் நாட்டை விட்டுப் போகட்டும், தோப்பு கைமாறட்டும்."

ராஜாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது; யாராவது ஒருவர் முடிவாகச் சொல்லிவிட்டால் போதும். "அப்படியே ஆகட்டும்," என்றார். "ஏழாம் நாள் நானே தோப்புக்கு வரேன். ஓலையும் வரட்டும், மோதிரமும் வரும்."

"உத்தரவு. எதனால தோப்புக்குக் கெடுதின்னு தோப்பத்தானே கேக்கணும்," என்றான் ஆவுடைநாதன். அன்று மாலையே சங்கிலியையும் தமுக்கையும் ஓர் எழுத்தரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தோப்புக்குக் குடிபோய்விட்டான். செய்தி மண்டபத்திலிருந்து வந்த ஓலைகள் ஒன்று தவறாமல் அங்கே போயின. சங்கிலி அவற்றை ஒன்று தவறாமல் தமுக்கடித்து, பத்தாயிரம் தென்னைகளுக்கும் கேட்கும்படி அறிவித்தான்.

அரண்மனையில் அது தெரிந்து, சிரித்துச் சிரித்துச் சிலருக்கு விலா பிடித்துக்கொண்டது. "மரம் என்ன சொல்லுச்சாம்?" என்று ஒருவர் கேட்க, "யோசிச்சுச் சொல்றேன்னுச்சாம்," என்று இன்னொருவர் சொல்ல, இப்படியே பொழுது போனது.

ராஜாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் ஜன்னலுக்குக் கீழே சத்தமே இல்லாதது, சத்தத்தைவிடப் பயங்கரமாக இருந்தது. இந்நேரம் என்ன சரிந்ததோ, யார் குழம்பினார்களோ. இரண்டாம் நாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஒரு பூனை படுத்திருந்தது. மூன்றாம் நாள் நான்கு இட்லி தின்றார். நான்காம் நாள் விடிந்தது தெரியாமல் தூங்கினார்.

ஐந்தாம் நாள் கனகசபாபதியார் கிரய ஓலையோடு அந்தப்புர வாசல் வரைக்கும் வந்துவிட்டார். "காலம் கடத்தும் ஒவ்வொரு நாழிகையும் நட்டம், மகாராஜா. இன்று கால் பங்கு; நாளை அதுவும் கிடைக்குமோ என்னவோ. தென்துறையில் ஒரு கப்பல் கவிழ்ந்துவிட்டதாகக் கேள்வி."

"அதுல தேங்காயா இருந்துச்சு?"

"இருந்திருக்கலாம்."

ராஜாவின் பெருவிரல் தானாகவே மோதிரத்தைத் திருகத் தொடங்கியது. ஒரு கணம் கழன்றேவிட்டது. பிறகு, இந்த நான்கு நாளில் தான் எதையும் செய்யவில்லை, எதுவும் இடிந்தும் விழவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மோதிரத்தைத் திரும்ப உள்ளே தள்ளினார். "ஏழு நாள்னு சொல்லியிருக்கேன்," என்றார். குரல் உடைந்தது. இந்த முறை இருமவில்லை.

ஏழாம் நாள் சபை முழுவதும் தோப்பில் கூடியது. அமைச்சரின் மைத்துனரும் வந்திருந்தார். தென்னைகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, யாரையும் பொருட்படுத்தாமல் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"செய்தி ஒன்று. அபாயம், வடக்குச் சந்தையில் விலை சரிவு. உரக்க அறிவிக்கப்பட்டது. தென்னைகளிடம் மாற்றமில்லை. செய்தி பதினான்கு. அபாயம், விலை ஏறியது, ஆனால் போதிய அளவு ஏறவில்லை. மாற்றமில்லை. ஒரு மட்டை விழுந்தது. விசாரித்ததில் அது பழுத்த மட்டை. செய்தி நாற்பது. அபாயம், ஜோசியர் ஒருவர் கனவில் தேங்காய் அழுதது. மாற்றமில்லை. சங்கிலிக்கு மட்டும் தொண்டை கட்டியது."

"போதும்," என்றார் அமைச்சர். "எங்கள் செய்தி பொய் என்கிறானா இவன்?"

"ஐயையோ, அப்படிச் சொல்வேனா? ஆள் விட்டு விசாரிச்சேன். அறுபத்திமூணுல மூணுதான் பொய். மீதி அறுபதும் நெசம்," என்றான் ஆவுடைநாதன். "வடக்குச் சந்தையில நெசமாவே விலை எறங்குச்சு. அன்னிக்கு விக்க வந்தவனுக்கு அது சேதிதான். நம்ம மரம் விக்க வரல, வளர வந்திருக்கு. மகாராஜா, இந்த அறுபத்திமூணுல ஒண்ணாலயும் தோப்புக்குக் கெடுதி இல்ல. ஆனா ஒரு கெடுதி இருக்கு. அதுக்குத் தண்டோராவே போடல."

ராஜா ஓரடி முன்னால் வந்தார். "என்னது அது?"

ஆவுடைநாதன் கிழக்கு மூலைக்கு நடந்தான். அங்கே நாற்பது கன்றுகளில் மட்டைகள், யாரோ கத்தரியால் விசிறி வெட்டியது போல வெட்டுப்பட்டிருந்தன. இடுப்பில் கொக்கிக் கம்பியோடு ஒரு பெண் நின்றாள். தோப்புக் காவல்காரி காத்தாயி.

"கொம்பு வண்டு, ராசா," என்றாள். "குருத்துக்குள்ள போய் உக்காந்து தின்னுது. நாலு மாசமா மூணு தரம் சேதி அனுப்பிச்சேன். 'கிழக்கு மூலையில குருத்து வெட்டுப்படுது, எருக்குழியக் காலி பண்ணணும்'னு. ஒரு பதிலும் இல்ல."

"செய்தி மண்டபத்துல விசாரிச்சேன்," என்றான் ஆவுடைநாதன். "மூணு ஓலையும் குப்பைக் கூடையில கெடந்துச்சு. அதுல 'அபாயம்'ங்கிற சொல் இல்லியாம். ஒரு பொன்தான் தேறும்னு விட்டுட்டாங்க."

"எருக்குழிக்கும் வண்டுக்கும் என்ன?" என்று கேட்டார் ராஜா.

காத்தாயி பக்கத்திலிருந்த குழியைக் கம்பியால் கிளறினாள். மரத்துக்குப் போடாமல் கொண்டுவந்து கொட்டிய இடத்திலேயே விட்டுவைத்த எரு, மக்கி, கறுத்து, கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்களோடு நெளிந்தது. "இதுலதான் பொரிக்குது. எருக்காரர் வண்டியக் கவுத்துட்டுப் போயிருவாரு. பரப்பச் சொன்னா, அது ஒப்பந்தத்துல இல்லம்பாரு."

சபை முழுவதும் மைத்துனரைப் பார்த்தது. மைத்துனர் ஒரு தென்னையை ரசித்துக்கொண்டிருந்தார்.

கனகசபாபதியார் லேசுப்பட்டவரல்ல. சட்டென்று தமுக்கைப் பிடுங்கித் தானே அடித்தார். "அபாயம், பேரபாயம். தோப்பு வண்டுக்கு இரையாகிறது. பார்த்தீர்களா மகாராஜா, நான் சொன்னேனே. இந்தக் கணமே முத்திரை வையுங்கள்." கிரய ஓலையை நீட்டினார்.

தமுக்குச் சத்தம் கேட்டதும் ராஜாவின் பெருவிரல் மோதிரத்துக்குப் போனது. நான்கு வருஷப் பழக்கம். ஆவுடைநாதனைப் பார்த்தார். அவனோ, இடிந்து விழப்போகும் தோப்பில் ஒரு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

ராஜா காத்தாயியின் பக்கம் திரும்பினார். "பத்தாயிரத்துல எத்தனை மரம்?"

"நாப்பது, ராசா."

"பொழைக்குமா?"

"வண்டக் கொக்கியில எடுத்துட்டு, குருத்துல மணலும் வேப்பம்புண்ணாக்கும் வெச்சா பொழைச்சுக்கும். குழிய வெட்டிக் காயவிட்டு எருவப் பரப்பிடணும். அத விட்டா அடுத்த வருஷம் நாப்பது நானூறாகும்."

"எத்தனை ஆள் வேணும்?"

"இருபது ஆளு, பத்து நாளு."

ராஜா அமைச்சரின் கையிலிருந்து கிரய ஓலையை வாங்கினார். அமைச்சரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ராஜா ஓலையைத் திருப்பி, எழுத்தரிடமிருந்து எழுத்தாணியை வாங்கி, பின்பக்கத்தில் 'இருபது ஆள், பத்து நாள், உடனே' என்று எழுதி, மோதிரத்தைக் கழற்றி முத்திரை வைத்தார்.

"ஓலைய வீணாக்கக் கூடாதுல்ல," என்று காத்தாயியிடம் கொடுத்தார்.

மைத்துனர் மெதுவாக நழுவப் பார்த்தார். "நீரும் அந்த இருபதுல ஒருத்தர். குழி உம்மோடது, புழுவும் உம்மோடதுதான்," என்றார் ராஜா. பிறகு கனகசபாபதியாரிடம் திரும்பினார். "செய்தி மண்டபம் அப்படியே நடக்கட்டும். உங்க சம்பளத்துலயும் கை வைக்கல. ஆனா இனிமே எல்லாச் செய்தியும் முதல்ல இங்க வந்து மரத்துக்கிட்ட, உங்க வாயால. மரம் வாடினா அந்தச் செய்திய எங்கிட்டக் கொண்டாங்க. ஒரு செய்திக்கு நூறு பொன்."

அமைச்சர் பத்தாயிரம் தென்னைகளையும் ஒரு பார்வை பார்த்தார். அவை காற்றில் தலையாட்டின. சம்மதம் என்றுதான் பட்டது.

அதைப் பார்த்த ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. நான்கு வருஷமாக உள்ளே அடைபட்டிருந்த சிரிப்பு. கீச்சென்று தொடங்கி, உடைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார வைத்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓய் ஆவுடைநாதன், என்ன வேணும் கேளும். நூறு வராகனா, வீடா?" என்றார்.

"இந்தத் தோப்புல காய்க்கிற முதல் இளநி எனக்கு, மகாராஜா."

"அதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கேய்யா."

"எனக்கு என்ன அவசரம்? நான் என்ன தமுக்கா வெச்சிருக்கேன்," என்றான் ஆவுடைநாதன்.

ராஜா இளநீரையும் எழுதிக் கொடுத்து, நூறு வராகனும் வீடும் சேர்த்தே கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து, மழை ஏமாற்றிய ஒரு கோடையில், ஒரு சட்டி பானைகூட எல்லையைத் தாண்டாத அந்தக் கோடையில், முதல் இளநீரை ராஜாவே சீவி அவனிடம் நீட்டினார். அன்று வடக்குச் சந்தையில் என்ன விலை என்று இருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கனகசபாபதியார் சொல்லியிருப்பார். மூன்றாம் வரிசையில் நின்று ஒரு மரத்துக்கு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.