மின்னாத ஆரஞ்சுச் சட்டை

சுரங்கப்பாதை வேலையில் லாரிகளுக்குக் கொடி காட்டுகிறவள் பிலோமினா. காண்டிராக்டர் மகுடபதி எல்லோருக்கும் ஆரஞ்சுச் சட்டை வாங்கி வந்தார். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் ரிப்பன்!

"ஐயா, இதைப் போட்டா லாரிக்காரனுக்கு நான் தெரியமாட்டேனே!"

"கண்ணைப் பறிக்குது, தெரியாதாம்! குறையைக் காட்டு, இல்லேன்னா வேலையை விட்டு நட."

"உள்ளே வாங்க ஐயா, காட்டுறேன்."

இருட்டுக்குள் இருவரும் நின்றார்கள். எதிரே லாரி விளக்கைப் போட்டது. சட்டை மங்கிக் கிடந்தது. மகுடபதியின் தங்கச் சங்கிலிதான் தகதகவென்று மின்னியது.

"காண்டிராக்டர் மட்டும்தான் தெரியுறாரு!" என்று கத்தினார் டிரைவர்.

பிலோமினா கையை நீட்டினாள். "சட்டை இதே போதும் ஐயா. சங்கிலியை மட்டும் கழட்டிக் குடுங்க, போட்டுக்கிறேன்."

மகுடபதி சங்கிலியை இரு கையாலும் பொத்திக்கொண்டு கடைக்கு ஓடினார். சாயங்காலத்துக்குள் மின்னும் சட்டைகள் வந்து இறங்கின.