செவலை ஊர்வலம் விட்ட உப்பில்லா அடை

அந்தக் காலத்தில், ஆட்டுக்கும் நாய்க்கும் பேச்சு வந்துகொண்டிருந்தபோது, கரிசல் காட்டில் மொக்கத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். ஆடு பேசுவதை யாரும் பெரிதாகக் காதில் வாங்குவதில்லை. எல்லா ஆடும் ஒரே விஷயத்தைத்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். நாய் அப்படியில்லை. குறைவாகப் பேசும், பேசினால் நியாயம் பேசும்.

மொக்கத்தாயும் அவள் புருஷன் சங்கிலியும் நூற்றிருபது ஆடு வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்த காடுகளில் எருவுக்காக ராத்திரி ஆட்டை அடைத்துக் கிடை போடுவது அவர்கள் பிழைப்பு. பக்கத்திலேயே இன்னும் நாலு குடும்பங்களின் கிடை. அந்த ஐந்து கிடைக்கும் சேர்த்துச் சமைக்கத் தெரிந்தவள் தான் ஒருத்திதான், மற்றவர்கள் சும்மா அடுப்பு மூட்டுகிறவர்கள் என்பது மொக்கத்தாயின் எண்ணம். அதை அவள் மனசோடு வைத்துக்கொண்டதும் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அவள் கம்பு அடை அப்படி இருக்கும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கிப் போட்டு, உப்பை விரல் நுனியில் அளந்து தட்டிப் போட்டாளென்றால், பக்கத்துக் கிடை நாச்சிகூட ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

கிடையைக் காத்தது செவலை என்ற நாய். செவ்வண்ணத்தில், காது விடைத்து, பார்க்கவே மிடுக்காக இருக்கும். அது வந்த மூன்று வருஷத்தில் ஓநாய்கள் ஒரு குட்டியைக்கூடத் தூக்கியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பொழுது சாய, செவலை அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமையோடு தான் போகப்போவதாகவும், ஓடைக்கு அந்தப் பக்கம் ஓநாய்கள் தன்னைக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னது.

மொக்கத்தாய்க்குப் பகீரென்றது. அந்த வாரம் பிறந்த குட்டிகள் மட்டும் முப்பது. செவலை ஓடையைத் தாண்டிவிட்டால் அதில் ஒன்றுகூட மிஞ்சாது. வயிற்றுக்குப் போதவில்லையா என்று கேட்டாள்.

"வயிறு நிறையுது ஆத்தா" என்றது செவலை. "ஆனா இந்த மூணு வருஷத்துல நான் தின்னதுல ஒண்ணுகூட எனக்குன்னு செஞ்சதில்ல. மிஞ்சினது, ஆறினது, கருகினது. ஓநாய்ங்க வேட்டையில எனக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கி வைக்குமாம்."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மிச்சமானால் என்ன, அதுவும் தன் கைச் சமையல்தானே? ஆனால் குட்டிகளை நினைத்துக் கோபத்தை அடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதானா? தனி அடை வேண்டும் என்கிறது. மொக்கத்தாயிடம் கேட்கிற காரியமா இது?

மறுநாள் புது மாவு அரைத்தாள். வெங்காயத்தையும் மிளகாயையும் வழக்கத்தைவிடக் கூடவே போட்டாள். ஓரம் முறுக, நடு மெத்தென்று, அவள் வாழ்நாளில் தட்டியதிலேயே நல்ல அடை அதுதான். எல்லோரும் பார்க்கட்டுமென்று நாச்சியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு செவலையிடம் நீட்டினாள்.

செவலை மரியாதைக்கு ஒரு வாய் கடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாலு தும்மல் தும்மி, கடித்ததைத் துப்பிவிட்டு, வாய் எரிச்சல் தாங்காமல் ஓடைக்கு ஓடித் தண்ணீரை நக்கி நக்கிக் குடித்தது. நாச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாலும் தோள் குலுங்கியது. தன் அடையை ஒருவர் துப்பி மொக்கத்தாய் பார்த்ததே இல்லை. மூக்குடைந்துபோய் நின்றாள்.

அன்று மாலை அவளே செவலையைத் தேடிப் போனாள்.

"என் அடையில என்னலே குறை?"

"குறை ஒண்ணுமில்ல ஆத்தா. அது உனக்குப் பிடிச்ச அடை. எனக்கு என்ன பிடிக்கும்னு நீ கேக்கவே இல்லையே."

சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தால், அது உண்மைதான். மூன்று வருஷமாகத் தன் குட்டிகளைக் காப்பாற்றியவனுக்கு எது சேரும், எது சேராது என்று அவளுக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். செவலை சொன்னது: வெங்காயம் கூடவே கூடாது, வயிற்றைக் கெடுத்துவிடும். மிளகாய் வேண்டாம். உப்பும் வேண்டாம். எலும்பு வெந்த தண்ணீர் வாசம் இருந்தால் போதும். பல்லுக்கு வேலை கொடுக்கிற மாதிரி கட்டியாக இருக்கட்டும்.

உப்பில்லாமல் ஒரு அடையா? மொக்கத்தாய்க்கு அது களிமண்ணைத் தட்டிப் போடுகிற காரியம். ஆனாலும் வியாழக்கிழமை எலும்பை வேகவைத்து வடிகட்டினாள். ஒரு கீற்றுப் பரங்கிக்காயை மசித்தாள். கம்பு மாவைப் போட்டுப் பிசையும்போது அவள் கை தன்னால் உப்புச் சட்டிக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். மறுபடியும் போனது. கடைசியில் சங்கிலியைக் கூப்பிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு கண்ணுக்கு மறைவாகப் போய் நிற்கச் சொன்னாள். அவனும் ஏன் எதற்கென்று கேட்காமல் வேலிக்கு அந்தப் பக்கம் சட்டியோடு நின்றான். கிடைக்குப் பக்கத்துப் பரட்டைப் புளியமரத்தடியில் கல் கூட்டிச் சிறு தீ போட்டு, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிய ஒரே ஒரு அடையை, ஈரமெல்லாம் வற்றிக் கட்டியாகும்வரை பொறுமையாகச் சுட்டாள்.

ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு பண்டத்தைப் பரிமாறுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவள் பயந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து கிடைச் சனமும் கூடிவிட்டது. ஓடைக்கு அந்தக் கரையில் ஓநாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மொக்கத்தாய் அடையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தா, உனக்குன்னு செஞ்சது. இதுல எங்களுக்குப் பங்கு இல்ல."

செவலை மோந்து பார்த்தது. மெதுவாகக் கவ்வியது. தின்னவில்லை. திரும்பி நேராக ஓடையைப் பார்த்து நடந்தது. அடையையும் எடுத்துக்கொண்டு போகிறதே, குட்டிகள் கதி என்ன என்று மொக்கத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கரையில் போய்ச் செவலை நின்றது. அது என்ன வாயில், கீழே போட்டுவிட்டு ஓடையைத் தாண்டி வா என்று பெரிய ஓநாய் கூப்பிட்டது. செவலை பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அடை விழுந்துவிடும் அல்லவா? தலையை நிமிர்த்தி, வாலைத் தூக்கி, கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லா ஓநாய்களும் பார்க்கும்படி நடந்தது. பிறகு திரும்பி வந்தது. ஐந்து கிடைக்கு முன்னாலும் ஒவ்வொன்றாகப் போனது. நாச்சியின் அடுப்புக்கு முன்னால் மட்டும் இரண்டு சுற்று. நாச்சியின் நாய் அந்த அடையைப் பார்த்தது, பிறகு நாச்சியைப் பார்த்தது. நாச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாம் முடிந்தபின் செவலை மொக்கத்தாயின் காலடியில் வந்து படுத்து, முன்னங்கால்களுக்கு நடுவில் அடையை வைத்து, கடக் கடக்கென்று கடித்துத் தின்றது. ஓநாய்கள் எழுந்து காட்டுக்குள் போயின.

மொக்கத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு செவலையின் கழுத்தைத் தடவினாள். "எத்தனையோ பேரு என் சமையலைத் தின்னுருக்காங்க. ஊரு பூராத் தூக்கிட்டுப் போயிக் காட்டினவன் நீ ஒருத்தன்தாம்லே."

மறுநாள் காலை நாச்சி மெல்ல வந்து, நாய் அடைக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டாள். மொக்கத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உப்பு போட எல்லாருக்கும் தெரியும் நாச்சி. போடாம இருக்கத்தான் கைப்பக்குவம் வேணும்."

அன்று தொடங்கிய வழக்கம்தான் இது. மிச்சத்தைப் போட்டால் நின்ற இடத்திலேயே விழுங்கிவிடுகிற நாய், தனக்கென்று செய்ததைக் கொடுத்தால் மட்டும் உடனே தின்னாது. வாயில் கவ்விக்கொண்டு, வாலைத் தூக்கி, வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் படுத்துக் கடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அது வாயைத் திறக்காது.