குளத்தில் நின்ற லேவியர்கள்

ஒரு விடுகதை, விடை சொல்லுங்கள். கானான் தேசத்தை இஸ்ரவேல் கோத்திரங்கள் பங்கு வைத்தபோது, ஒரு கோத்திரத்துக்கு மட்டும் தனிப் பங்கு இல்லை. ஆனால் எல்லார் பங்கிலும் அதற்கு ஊர் இருந்தது. எந்தக் கோத்திரம்?

லேவி. யாக்கோபின் மூன்றாம் மகன் அவன். இனியாவது கணவர் தன்னோடு சேர்ந்திருப்பார் என்று தாய் லேயாள் வைத்த பெயர். அவன் வம்சம்தான் லேவியர். ஆலய வேலை அவர்களுடையது. உடன்படிக்கைப் பெட்டியைத் தொடாமல், தண்டு கோத்துத் தோளில் சுமப்பார்கள்.

ஆலடிக்குளம் கிறிஸ்தவக் கோயில் உபதேசியார் இதைப் பிரசங்கித்துவிட்டு, "குளத்துக்கு அக்கரையில் பழுதுபார்க்கக் கொடுத்த ஆர்மோனியத்தை லேவியர் மாதிரி தூக்கி வாருங்கள். வண்டி குலுக்கும்" என்றார்.

மாசிலாமணி முந்திக்கொண்டார். அன்று சாயங்காலப் பண்டிகை ஆராதனையில் அவர் மகள் கெத்சி முதன்முதலாகத் தனியாகப் பாடுகிறாள். ஆர்மோனியம் இல்லாமல் பாடமாட்டாள். தம்பி அருளானந்தையும் மச்சினன் துரைப்பழத்தையும் கூட்டிக்கொண்டு போனார்.

"தொடக் கூடாதே அண்ணே, தண்டுல எப்படிக் கட்டுறது?"

"கண்ண மூடிக்கிட்டுக் கட்டுல. தொட்டது நமக்கே தெரியாது."

இரண்டு கம்பு, மூன்று பேர். மாசிலாமணி இரண்டு தோளையும் கொடுத்தார். கரையைச் சுற்றினால் கோயில் பத்து நிமிஷம்.

"அத்தான், லேவியர் யோர்தானைச் சுற்றியா போனாங்க? பெட்டியோட கால் வைச்சாங்க, ஆத்துத் தண்ணி நின்னு வழி விட்டுச்சு" என்றான் துரைப்பழம்.

மூவரும் குளத்தில் கால் வைத்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. காத்திருந்தார்கள். இடுப்பளவுக்குப் போய்க் காத்திருந்தார்கள்.

"நாம லேவியர்னு குளத்துக்குத் தெரியல போல" என்றான் அருளானந்து.

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, யாக்கோபில் தொடங்கி, லேயாள் பட்ட பாடு, பெயரின் அர்த்தம், நிலம் கிடைக்காத கதை எல்லாவற்றையும் குளத்துக்கு எடுத்துச் சொன்னார். குளம் கேட்டுக்கொண்டது. ஒரு தவளை மட்டும் பாதியில் எழுந்து போயிற்று.

கோயிலில் முதல் மணி அடித்தது. எதிர்க்கரையில் கெத்சி புதுப் பாவாடையோடு வந்து நின்றாள்.

"அப்பா, ரெண்டாம் மணி அடிச்சதும் என் பாட்டு!"

மாசிலாமணி தம்பியையும் மச்சினனையும் பார்த்தார். "ஏலே, புள்ள அழுதுருவா. ஒரு வழி சொல்லுங்க."

அருளானந்து ஆழ்ந்து யோசித்தான். "ரெண்டு வழி இருக்கு. கோடையில குளம் வத்துற வரைக்கும் நிக்கலாம். இல்லன்னா கோயிலை இங்க தூக்கிட்டு வரலாம்."

"பாடப்போறவ அவ. அவளையே கேளுங்க அத்தான்."

மாசிலாமணி இரண்டு வழியையும் உரக்கச் சொன்னார்.

கெத்சி குளத்தைப் பார்த்தாள், கோயிலைப் பார்த்தாள். ஆராதனை தடைபடாமல், உபதேசியாரை உள்ளேயே வைத்து, கோயிலைத் தூக்கி வரச் சொன்னாள்.